கடல் ரஃப்

பள்ளிக்கூடத்தில் ‘ரஃப்’ என்றால் சொரசொரப்பு என்று மனப்பாடம் செய்திருந்தேன். உதாரணத்துக்கு உப்புத்தாள். கல்யாணமாகி விருதுநகரிலிருந்து அந்தமானின் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தால், அங்கே யாருக்கும் அந்த அர்த்தம் தேவைப்படவில்லை. மேலதிகாரி ரஃப். ரேஷன் கடைக்காரர் பேச்சு ரஃப். எல்லாவற்றையும்விட அதிகமாக, கடல் ரஃப். என் கணவருக்கு அக்கரையில் போர்ட் பிளேரில் குமாஸ்தா வேலை. தினமும் ஃபெரியில் போய் வருவார். கடல் ரஃப் என்றால் ஃபெரி ஓடாது, அவர் அங்கேயே சிநேகிதர் வீட்டில் தங்கிவிடுவார். எனக்கு அது அரிசியைக் குறைத்துப் போடச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். கடலை அறியாத எனக்கு என்ன தைரியம் பாருங்கள்!

ஒரு மழைக்கால மத்தியானம், இரண்டு வயது மகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு விசிலடித்தது. காலையிலிருந்து அழக்கூட இல்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கரை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்காது” என்றார். ஃபெரி புறப்படும் ஜெட்டிக்கு ஓடினேன். டிக்கெட் கொடுப்பவர் கையை விரித்தார்.

“ஃபெரி பந்த்மா. ஸீ ரஃப்.”

அந்த மனிதரை அறையலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரர் இருந்தார். கேட்டதும் தன் டோங்கியைத் தண்ணீரில் தள்ளினார். சின்னத் துடுப்புப் படகை அங்கே அப்படித்தான் சொல்வோம். உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க அவர் மனைவியும் ஏறினாள். நான் குழந்தையோடு காலை எடுத்து வைத்தேன்.

“பிள்ளைய என்ட்ட தா தங்கச்சி.”

“நானே வச்சுக்கிறேண்ணே.”

“ஒனக்கு நீச்சல் தெரியாதுல்லா? கவுந்தா, நீந்துறவன்ட்டதான் பிள்ள இருக்கணும். எங்க வழக்கம் அதான்.”

குழந்தையைத் துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நான் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். படகு கவிழ்ந்தால் யார் பிழைக்க வேண்டும், யார் போய்ச் சேரலாம் என்பது கரையிலேயே முடிவாகிவிட்டது. நியாயமான முடிவுதான்.

அலை எழும்பும்போதெல்லாம் எதிரே போர்ட் பிளேர் பக்கத்துச் சாத்தம் கரை காணாமல் போனது. அவர் முதுகில் மகளின் தலை துவண்டு ஆடியது. மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட எட்டவில்லை. படகின் விளிம்புப் பலகை உள்ளங்கையைக் கீறியது. பள்ளிக்கூடத்து அர்த்தம் அது. மற்ற அர்த்தம் முகத்தில் வந்து அறைந்தது. அந்த அக்கா இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

சாத்தம் படித்துறையில் டோங்கி இடித்ததும் மகள் வீறிட்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றியும் விட்டார்கள். ஆனால் படித்துறையில் அவளை வாங்கப் பாய்ந்து எழுந்தபோது ஏதோ என்னைப் பின்னால் இழுத்தது. என் முந்தானை அந்த அக்காவின் இடுப்புச் சேலையோடு முடிச்சுப் போட்டிருந்தது. எப்போது போட்டாளோ, தெரியாது.

“நான் விழுந்தா இழுத்துப் போடவாக்கா? உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“எனக்கு எங்க தெரியும்?” என்றாள், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. “தனியாப் போவக் கூடாதுல்லா தங்கச்சி.”