ஆளுக்கொரு தடம்

மாமா அந்த ஒலிப்பதிவுக் கருவியை யாரிடமிருந்தோ பழையதாக வாங்கி வந்தபோது, கூடவே வந்த கையேட்டைப் படிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் தொடக்கநிலை நான்காம் வகுப்பில் இருந்தேன். ஆங்கிலத்தில் கெட்டி என்று வீட்டில் பெயர். அம்மாவின் தம்பியான மாமா, சாங்கி விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். "இந்த இங்கிலீஷ் எனக்கு மண்டைல ஏறல லா. நீதான் படிச்சுச் சொல்லணும்" என்றார். நான் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன்.

கருவி ஒரு தடித்த புத்தகம் அளவே இருந்தது. உள்ளே எட்டுத் தடங்கள். ஒருவர் குரலை ஒரு தடத்தில் பதிந்துவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே இன்னொருவர் அடுத்த தடத்தில் பாடலாம். கடைசியில் இரண்டும் ஒரே பாட்டாகக் கேட்கும். இவ்வளவும் மாமா சொன்னது. கையேடு சொன்னது வேறு மாதிரி இருந்தது. ஆயத்தமாகாத தடத்தை ஆயத்தப்படுத்தும் முன் அது ஆயத்தமாகவில்லை என்பதை உறுதிசெய்யச் சொன்னது. அந்த வரியின் கீழ் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

இத்தனையும் தாத்தாவுக்காக. அவர் ஆங் மோ கியோவில் மாமா வீட்டில் படுக்கையில் இருந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கோயிலுக்குப் போக முடியாது. அந்தப் பூசையில் பெரியம்மாவும் அம்மாவும் இளவயதில் பாடிய மாதா பாட்டை வீட்டிலேயே கேட்க வேண்டும் என்றார். பெரியம்மா மேல் குரல், அம்மா கீழ்க் குரல். சிக்கல் என்னவென்றால் அக்கா தங்கை இருவரும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொள்வதில்லை. தாத்தாவைத் தன் வீட்டில்தான் வைத்துக்கொள்வேன் என்று இருவருமே சொன்னதில் தொடங்கிய சண்டை. தாத்தா மாமா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை மட்டும் அவர்களிடமே தங்கிவிட்டது.

மாமா இருவரிடமும் தனித்தனியாக ஒரே செய்தியைச் சொன்னார். "இந்த மெஷின்ல ஒரு நேரத்துல ஒரு ஆள்தான்க்கா பாட முடியும். ரெண்டு பேர் நின்னா ஜாம் ஆயிடும்."

இருவரும் உடனே சம்மதித்தார்கள்.

முதலில் தேக்கா சந்தைக்கு அருகே உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போனோம். புழுக்கத்துக்காக ஜன்னல் திறந்தே இருந்தது. பெரியம்மா கண்ணை மூடி முழுப் பாட்டையும் பாடி முடித்தார். எதுவும் பதிவாகவில்லை. சிவப்பு விளக்கு சிமிட்டினால் கருவி காத்திருக்கிறது, நிலையாக எரிந்தால்தான் பதிகிறது என்பதைக் கையேடு எங்கோ பின்னால் ஒளித்து வைத்திருந்தது.

"இன்ஜினியரம்மா, இந்தத் தடவையாவது ஏறுமா, இல்ல பொங்கல் வரைக்கும் பாடணுமா?" என்றார் பெரியம்மா. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பாடினார். அந்தச் செருமலும் பாட்டோடு சேர்ந்து பதிவானது.

அடுத்த சனிக்கிழமை, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாசிர் ரிஸ்ஸில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் முறை. அம்மா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். பாட்டு முடியும்வரை அம்மா வாயைத் திறக்கவே இல்லை.

"பாடுங்கம்மா!"

"இரு. சுருதி பிடிக்கணும். இன்னொரு வாட்டி போடு."

இன்னொரு வாட்டியும் அப்படியே போனது. முதலில் வரும் செருமலை அழித்துவிடவா, அதற்கும் வழி இருக்கிறது என்று கேட்டேன். "அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா. மூன்றாவது முறைதான் பாடினார். முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே மாமாவிடம் கேட்டார்: "அவளுக்குத் தொண்டை சரியில்லையா?"

"சளிக்கா. ரெண்டு வாரமா."

அம்மா சமையலறைக்குப் போய் சுக்கும் மிளகும் சேர்த்து அரைத்த பொடியை ஒரு டப்பாவில் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார். "நான் குடுத்தேன்னு சொல்லாத."

இதற்கிடையில் நான் இருபத்து மூன்றாம் பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தேன். இரண்டு மைக்குகளைச் செருகி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடலாம் என்று அதில் படம் போட்டே விளக்கியிருந்தது. மாமாவிடம் காட்டினேன். பார்த்தார், கையேட்டை மூடினார். "அது வேற மாடலுக்கு" என்றார். நான் அட்டையைச் சரிபார்த்தேன். எங்கள் மாடல்தான்.

கிறிஸ்துமஸ் அன்று தாத்தாவின் கட்டிலுக்கு ஒரு பக்கம் பெரியம்மாவும் மறுபக்கம் அம்மாவும் உட்கார்ந்தார்கள். மற்றவர் முதலில் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இருவரும் ஒரே நேரத்துக்கு வந்திருந்தார்கள். பாட்டு ஓடியது. தாத்தாவின் விரல்கள் போர்வையில் தாளம் போட்டன. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாருக்கு. ஆனா ஒரே வீட்டுல மீன்காரன் சத்தமும் கேக்குது, ஏரோப்ளேனும் போகுதே?"

கையேட்டுக்குப் பொறுப்பானவள் என்ற முறையில் நான் சொன்னேன்: "மாமா மேனுவலைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, தாத்தா. ரெண்டு பேரும் ஒண்ணாவே பாடியிருக்கலாம்." பக்கத்தையும் விரித்துக் காட்டினேன்.

மாமா துடைத்த கருவியையே மறுபடி துடைத்தார். பெரியம்மா போர்வையின் ஓரத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"பொடில மிளகு ஜாஸ்தி."

"தொண்டை சரியாச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றார் அம்மா.

"ஆச்சு."

"அப்பப் பாடுங்க" என்றார் தாத்தா.

நான் அவசர அவசரமாக இரண்டு மைக்குகளையும் செருகினேன். இருவரும் பாடினார்கள். இரண்டாவது அடியில் அம்மாவுக்கு வார்த்தை மறந்தது, பெரியம்மா எடுத்துக் கொடுத்தார். பாட்டு முடிந்தபோதுதான் விளக்கைப் பார்த்தேன். சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா மட்டும் "பரவால்ல லா" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். அன்று முழுக்கச் சிரித்தார்.

அவரை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது. இவ்வளவு சின்னப் புத்தகத்தில், படம் போட்டிருக்கும் ஒரு பக்கமே இவருக்குப் புரியவில்லை. அன்று தூங்கப்போகும் முன் ஜெபத்தில் தாத்தாவுக்காக வேண்டிக்கொண்டேன். பிறகு, மாமா பழுதுபார்த்த விமானங்களில் பறந்துகொண்டிருக்கும் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.