கைக்குப் பெரிதாக இருந்த இரும்பு

பெடல் ஸ்டீல் கிடாரைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன மேசைபோல் கால்களில் நிற்கும் வாத்தியம். மேலே பத்துக் கம்பிகள், கீழே மிதிப்பதற்குப் பெடல்கள். இடக்கையில் ஓர் உருளை வடிவ இரும்பைப் பிடித்துக் கம்பிகளின்மேல் நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த இரும்புக்கு பார் என்று பெயர்; ஒரு முனை குண்டாக இருக்கும், மறு முனையில் கட்டைவிரலுக்கு ஒரு குழி. கனமான பாரில் நாதம் நீண்டு நிற்கும். ஆனால் பார் கைக்குப் பெரிதாகிவிட்டால், அதன் பின்னால் வர வேண்டிய விரல்கள் கம்பியில் படியாது. அடங்க வேண்டிய கம்பிகளெல்லாம் சேர்ந்து இரையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் அங்குலத் தடிமனுள்ள பாரைத்தான் விடாப்பிடியாக வைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, 2004இல் கடலூருக்குக் குடிவந்தேன். கனடாவில் இருக்கும் என் தம்பி அந்த வாத்தியத்தைக் கப்பலில் அனுப்பிவைத்தான். பாரும் அதனுடன் வந்ததுதான். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கத் தொடங்கினேன். அங்கே கீபோர்டு வாசித்தவன் என் மனைவியின் சித்தப்பா மகன், எனக்கு மச்சான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் பயிற்சிக்கு வந்துவிடுவான்.

ஒருநாள் அவன் என் இடக்கையைப் பிடித்து ஒரு பாட்டுத்தாளின் பின்புறம் வைத்து, பென்சிலால் விரல்களைச் சுற்றிக் கோடு போட்டான்.

“எதுக்குய்யா?”

“சும்மா மாமா. உங்க கையி சின்னக் கையி. அந்தப் பாரு உங்களுக்கு ஜாஸ்தி. நேத்து ரெண்டாவது பாட்டுல ஒரே எரைச்சல்.”

“எரைச்சல் ஒன் கீபோர்டுல.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது. என் கையின் அளவு இவனுக்கு எதற்கு? கட்டைவிரல் மூட்டில் எனக்கு வலி தொடங்கியிருந்தது. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. அது இவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதோ? என்னைக் கிழவன் என்று ஒதுக்கிவிட்டு வேறு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறானோ?

அதன்பின் அவன் எது செய்தாலும் எனக்கு அதற்கு ஓர் உள்நோக்கம் தெரிந்தது. பங்குச் சாமியாரிடம் தனியாகப் பேசினால் என்னைப் பற்றித்தான். நான் வாசிக்கும் பாட்டுக்குச் சுருதியைக் குறைத்தால் என்னைத் திணறவைக்கத்தான்.

2006இல் என் மகளுக்குப் பிரசவமாகி, முதல் பேரனுக்கு எங்கள் வீட்டில் ஞானஸ்நான விருந்து வைத்தோம். சிதம்பரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மச்சானும் வந்தான். வாத்தியம் இருந்த அறைக்குள் போய்ப் பாரை எடுத்து, உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வச்சுடுய்யா, கீழ போட்டுடப் போற.”

“வச்சுட்டேன் மாமா” என்றான்.

மறுநாள் வாசிக்க உட்கார்ந்தபோது பார் இல்லை.

மனைவி பீரோவுக்கு அடியில் விளக்குமாறு விட்டுத் துழாவினாள். நான் தேடவே இல்லை. எனக்குத் திருடன் கிடைத்துவிட்டான். “வந்தவுங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்” என்றாள். சம்பந்தி வீட்டில் கேட்பதா, மரியாதைக் குறைவு என்று தடுத்தேன். மரியாதைக்காக மட்டும் தடுக்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்ததென்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பயிற்சியில் குழுவினர் எல்லாரும் இருந்தார்கள். வாசிக்கவில்லையா என்று ஒரு பெண் கேட்டாள்.

“பாரு காணாமப் போச்சும்மா. எங்க போச்சுன்னு மச்சானக் கேளு. எடை போட்டுப் பாத்தவரு அவருதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

“மாமா, வெளையாட்டுக்குத்தான சொல்றீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போனான். பிறகு குழுவுக்கு வரவேயில்லை.

சில வாரங்கள் கழித்து மனைவி ஒரு சின்னத் தோல்பையை என் முன்னால் வைத்தாள். “எங்க சித்தப்பா வீட்டுத் தம்பி வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுச்சி. உள்ள வான்னு கூப்டா வரல.” பையில் ஒரு புது பார் இருந்தது. பழையதைவிட அரைக்கால் அங்குலம் மெல்லியது.

“பாத்தியா?” என்றேன். “பெருசை வச்சிக்கிட்டுச் சின்னதைக் குடுத்து சரிக்கட்டுறான்.”

மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திருப்பி அனுப்ப வேண்டுமென்றுதான் எடுத்தேன். எடுத்தவன் ஒருமுறை கம்பியில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் தாமாகப் பின்னால் படிந்தன. இரைச்சல் இல்லை. மூட்டு வலிக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதில்தான் வாசித்தேன். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அதில்தான் வாசித்தேன், திருடன் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டே. இப்போது எழுதும்போது என்னை அதிகம் கூசவைப்பது இதுதான்.

2010இல் பேத்தி பிறந்தாள். சிதம்பரம் போய், கட்டிலில் சிறு மெத்தையில் கிடந்தவளைத் தூக்கினேன். மெத்தையின் தலைப்பக்கம் கையில் ஏதோ கெட்டியாக இடித்தது. தடவினேன். ஒரு முனை குண்டாக, மறு முனை கட்டைவிரலுக்குக் குழிவாக. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“இது என்னம்மா?” என்று மகளைக் கேட்டேன்.

“இரும்புப்பா. அத்தை வச்சுத் தச்சது. பெரியவனுக்கு வச்ச அதே மெத்தை.”

எங்கள் பக்கத்தில் எங்களைப்போல் கிறிஸ்தவ வேதக்காரர் வீடானாலும் பச்சைக்குழந்தையின் தலைமாட்டில் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வைப்பார்கள். பாக்குவெட்டியோ கத்தியோதான் வழக்கம். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே வந்தார். “விருந்தன்னைக்கு ஒங்க வீட்ல கத்திதான் தேடுனேன் சம்பந்தி. குழந்த கிட்ட கத்தி வைக்க மனசு வரல. ஒங்க வாத்தியப் பொட்டி மேல இது பளபளன்னு கெடந்துது. கூரே இல்ல பாருங்க, வழவழன்னு எவ்ளோ வாகா இருக்கு! அன்னைக்கே மெத்தைக்குள்ள வச்சுத் தச்சுட்டேன். ஒங்களுக்கு வேணுமா என்ன?”

“வேணாம்மா” என்றேன். அந்த மெத்தை பேரனோடு சிதம்பரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரவு கனடாவிலிருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். “அந்தச் சின்ன பாரா? மச்சான்தான் ஒன் கைய வரைஞ்சு அனுப்பியிருந்தாரு. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே கேட்டாரு. ஒனக்குச் சொல்லாம குடுக்கணும்னாரு. ஏன், இன்னுமா சொல்லல?”

மறுநாள் பேருந்து சிப்காட்டைக் கடந்தபோது நான் சன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

“சின்னது செட் ஆயிடுச்சி, இல்ல?” என்றான். “பூசைக்கு வரப்ப பின்னாடி ஒக்காந்து கேப்பேன். எரைச்சலே இல்ல.”

“குழுவுக்கு வந்துடு மச்சான்.”

“இங்க வந்து என்கிட்ட சொல்றீங்க மாமா. அன்னைக்கு என்கிட்ட மட்டுமா சொன்னீங்க?”

அந்தச் சனிக்கிழமை பயிற்சியில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். நான் பழி சொன்ன அன்று இருந்தவர்களில் பாதிப்பேர் குழுவில் இல்லை. புதியவர்களுக்கு யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே விளங்கவில்லை. கீபோர்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்களின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில், “நாங்க அப்பவே அவருதான்னு நெனச்சோம்” என்றார்கள். அதைத் துடைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

2012இல் மூட்டுவலி முற்றி வாசிப்பதை நிறுத்தினேன். கடைசியாக வாசித்த ஞாயிறும் மச்சான் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்து நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டிருந்தான்.