சிவப்பு கரைப்பக்கம்

என் அண்ணனுக்குப் படகு விளக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். முதல் ஒரு மாதம் இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில். நான் பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். எட்டு வயது மூத்த அண்ணனை நான் அதட்டுவதை ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. அவன் குடித்த காலத்தில் ஆரம்பித்தது. அவன் குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகியும் நான் அதட்டுவதை விடவில்லை.

இருட்டில் திரும்பும்போது எதிரே வருகிறவர்களுக்குத் தன் படகு தெரிவதில்லை என்று, படகு எந்தத் திசையில் போகிறது என்பதை நிறத்தாலேயே காட்டுகிற, முன்பக்கம் வைக்கிற சிவப்பு, பச்சை விளக்கு வாங்க அவன் ஆசைப்பட்டான். பழவேற்காட்டில் ஒரு கடைக்காரர் போல்ட் போட்டு முடுக்குகிற விளக்கைக் காட்டியிருக்கிறார். அண்ணனுக்கு அதுவே பிடித்திருந்தது. நான்தான் விடவில்லை. படகைத் தினமும் மணலில் இழுக்கிறீர்கள், வலை உரசும், ஒரு வாரத்தில் உடைந்துபோகும், கழற்றி வீட்டுக்கு எடுத்துவருகிற மாதிரிதான் வேண்டும் என்று சொல்லி போனில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது காந்தம் வைத்தது. ஃபைபர் படகில் காந்தம் எப்படி ஒட்டும்? அண்ணன் சிரிக்கக்கூட இல்லை, பாவம். அடுத்தது ரப்பரை அழுத்தி ஒட்டுகிற வகை. உப்புப் படிந்த விளிம்பில் அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கடைசியில் துணிக்குப் போடுகிற கிளிப் போலக் கவ்விப் பிடிக்கும் விளக்கு இரண்டு வாங்கினேன். சார்ஜ் போடலாம், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், வெளிச்சம் முன்னும் பின்னும் எல்லாப் பக்கமும் தெரியும். ஒரே நொடியில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். அதைத்தான் பெரிய வசதி என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

"சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம்" என்றேன்.

"இடதுன்னா, எஞ்சின பாத்துக்கினு நின்னா இடதா, முன்னால பாத்துக்கினு நின்னா இடதா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். எங்கள் வீடுகளில் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. அடுப்படியில் உப்பு எங்கே என்றால்கூட "கடல்பக்கமா இருக்குது பாரு" என்றுதான் பதில் வரும். ஆனால் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் படகெல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்தன. வடக்கே போனால் கரை இடது கைப்பக்கம். ஆகவே அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்:

"சிவப்பு கரைப்பக்கம், பச்சை கடல்பக்கம். அவ்ளோதான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதாண்ணா. எத்தினி வாட்டி சொல்றது?"

வடக்கே போன படகு தெற்கே திரும்பி வந்தாக வேண்டும், அப்போது கரை வலது கைப்பக்கம் வந்துவிடும் என்பது, கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. தங்கை சொன்னாளே என்று அண்ணன் ஒவ்வொரு நாளும் திரும்பும்போது இரண்டு விளக்கையும் கழற்றி, ஈரக்கையோடு இடம் மாற்றி மாட்டியிருக்கிறான். போல்ட் போட்டிருந்தால் சிவப்பு அதன் பாட்டுக்கு இடது பக்கத்திலேயே இருந்திருக்கும்.

ஒரு நாள் விடியும் முன்பு, வீட்டுக்குத் திரும்பி வந்த அவன் படகும், வடக்கே கிளம்பிப் போன இன்னொரு படகும் மோதிக்கொண்டன. அந்தப் படகின் பக்கம் பிளந்தது. அதிலிருந்த பெரியவர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. நான் ஓடிப் போனபோது கரையில் கூட்டம். "ரெண்டு லைட்ட வெச்சுக்கினு வந்து மோதுறான்னா, சரக்கு போட்டுக்கினு வந்துருப்பான்" என்று யாரோ சொன்னார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் நின்றேன். "வாய ஊது" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு ஊதினான். டீ வாசனையும் கொஞ்சம் டீசல் வாசனையும்தான் வந்தன. எனக்கு அதுவும் போதவில்லை. "பாக்கு போட்டு மறச்சிருப்ப" என்றேன். பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார். அவர் முகம் அப்படியே மாறிப்போனது. அவனுடைய தங்கையே நம்பாதபோது மனைவி எதற்காக நம்ப வேண்டும்? அன்று மதியமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. அந்த இன்னொரு படகை ஓட்டியவர் சொன்னார்: "சிவப்பு கரைப்பக்கம் தெரிஞ்சுது, பச்சை கடல்பக்கம். அப்டின்னா எங்களுக்கு முன்னால வடக்கப் போற போட்டுதானே? எதிர்ல வருதுன்னு இன்னா தெரியும்?"

பெண்கள் பக்கம் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் மாட்டியது நான் சொன்னபடியேதான்.

"போதையில லைட்ட மாத்தி மாட்டிக்கினான்" என்றார் ஒருவர்.

"நான் குடிக்கல" என்றான் அண்ணன். "என் தங்கச்சி சரியாத்தான் சொல்லிச்சு, அது படிச்சது. நான்தான் எங்கியோ மாத்திப் புரிஞ்சிக்கினு மாட்டிட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வாய்க்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நான் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். ஆறு மாதம் அவன் எஞ்சின் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மறுநாளிலிருந்து தன் படகிலேயே வலை இழுக்கிற ஆளாகப் போய்வந்தான்.

எட்டு நாள் பேசாமல் இருந்தேன். அவன் விளக்குகளைக் கழுவி, துடைத்து, என்னிடமே கொண்டுவந்து கொடுத்தான். "எனுக்கு இதெல்லாம் மண்டையில ஏறல, தப்பா நெனச்சிக்காத" என்றான்.

ஒன்பதாம் நாள் ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணி இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அழுதால் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவர் கை நிற்கவில்லை. "இத எதுக்கு இங்க வந்து எங்கிட்ட சொல்ற? அத்தினி பேருக்கு முன்னாலதான அவர ஊதச் சொன்ன?" என்றார்.

அடுத்த முறை ஊர் கூடியபோது இரண்டு விளக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போய், நடுவில் நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, அவன் நான் சொன்னபடிதான் மாட்டினான், அன்றே எனக்குத் தெரியும், பயந்து பேசாமல் இருந்தேன் என்று.

பெரியவர்கள் தடையை நீக்கினார்கள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் மாத்தி மாட்டல இல்ல?" இத்தனை நாளும் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"படிச்ச பொண்ணு, ஏதோ வாய் தவறி சொல்லிடுச்சு, வுடுங்க" என்றார் ஒரு பெரியவர். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா நகர்ந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். மணிக்கட்டில் கட்டுப்போட்டிருந்தவர்கூட, "அழாதம்மா" என்றார்.

என் வாயை ஊதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.