பூஜைத் தட்டில் கலந்துபோன ஜோடிகள்

ஆயுத பூஜை என்றாலே எனக்கு இன்றும் வயிறு எரியும். சாமிமேல் கோபமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறையில் சால்டரிங் வேலை பார்த்தேனே, அந்த வருஷத்துப் பூஜைமேல்தான்.

மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் பெட்டி செய்தோம். அதன் உயிர் இரண்டு டிரான்சிஸ்டரில். ஒன்றில் ஓடும் மின்னோட்டம் அப்படியே மற்றதிலும் ஓட வேண்டும். வோல்டேஜைக் கூட்டினாலும் அசையக் கூடாது. அந்த ஜோடியைக் கண்ணாடி என்போம். ஆனால் ஒரே நம்பர் போட்டு வரும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒன்று இருந்தால்தானே! ஒன்றோடொன்று ஒத்தவையாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கியவர் பருத்திப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. கைச்சூடு பட்டாலே மீட்டர் முள் நகரும் என்று இடுக்கியால்தான் தொடுவார். குறைந்த வோல்டேஜில் ஒரு தடவை, கூட்டி ஒரு தடவை. இரண்டிலும் ஒத்துப்போனால் சிவப்பு நூலால் ஜோடியாகக் கட்டுவார். அவர் கணவருக்கு மில் வேலை போயிருந்தது. முதல் பெரிய ஆர்டர் தேறினால் அக்காவுக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

பூஜையன்று முதலாளியின் மனைவி வந்தார். தங்கமான மனுஷி. வாசலில் வாழைக்கன்று கட்டிவிட்டு நாங்கள் உள்ளே வந்தால், அடக் கடவுளே!

"ஒரே அழுக்கு நூலு. அல்லாத்தியும் அவுத்து, தொடச்சி, ஒரே தட்டுல சாமி முன்னால வெச்சிட்டேன். எப்பிடி கீது?" என்றார் பெருமையாக. அக்கா கழித்துப்போட்டவையும் அதிலேயே குங்குமத்தோடு கிடந்தன.

நல்ல நாளில் யார் வாய் திறப்பது? அக்கா முதலாளியிடம் மட்டும் மெல்லக் கேட்டார்: "சார், அந்தத் தட்டையும் மீட்டரையும் குடுங்க. ஊட்டுக்கு எட்த்துகினு போயி இன்னிக்கே பொறுக்கிடறேன்."

"பூஜைல வெச்சத நாளைக்கு விஜயதசமி அன்னிக்குத்தாம்மா எடுக்கணும்." மீட்டருக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது.

ஆர்டர் தருபவர்களின் ஆள் பெட்டியைச் சோதிக்க வருவது விஜயதசமிக்கு மறுநாள். அந்த ஒரே நாளில் அக்கா பொறுக்கியது பாதிக்குக்கூட வரவில்லை. மிச்சத்துக்குக் கைக்கு வந்ததைப் போடச் சொன்னார் முதலாளி. வந்தவர் வோல்டேஜைக் கூட்டினார். முள்ளும் கூடவே ஏறியது. "இன்னா சார், இது நிக்கவே மாட்டேங்குதே?" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆர்டர் போயிற்று.

வேலை இல்லையம்மா என்று முதலாளி கையை விரித்துவிட்டார். மறுவாரம் அக்கா இல்லை. தட்டு விஷயத்தைப் பற்றி மனைவியிடம் முதலாளி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. அவ்வளவு பொறுமையான கை எந்த வேலைக்குப் போயிற்றோ.

அடுத்த பூஜைக்கும் அந்தம்மா வந்தார். பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "பருத்திப்பட்டுப் பொண்ணு எங்க, காணோம்?" என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் தோரணம் கட்ட ஆரம்பித்தோம். ஒரு பொட்டலத்தைத் தனியே எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தார்.

"லேட்டா வருவா போல கீது. அவ பங்க யாரும் தொடாதீங்க."