ஜன்னலுக்குப் போட்ட சாக்கு

அக்கா பள்ளிக்கூடம் போனாள், தங்கை கொல்லுப் பட்டறைக்குப் போனாள். தங்கை வென்றவற்றை முதலிலேயே சொல்லிவிடலாம். துருத்தி இழுக்க வந்தவள், அந்தப் பட்டறையில் அதுவரை எந்தப் பெண்ணும் நிற்காத இடத்தில், உலைக்கு முன்னால் நின்றாள். குவாரி மேஸ்திரியின் வாயை மூடவைத்தாள். அதைவிடக் கஷ்டமான காரியம், ஒரு ஜன்னலை மூடவைத்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் கடைசியில் தன் பெயரையும் வென்றாள்.

அவள் வேலை தோய்ச்சல். கல் உடைக்கும் உளியின் முனையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எஃகுக்கு உரமேற்றுவது. சூடு குறைந்தால் முனை மழுங்கும், கூடினால் தெறிக்கும். அளந்து சொல்லக் கருவி கிடையாது, கண்தான். இருட்டில் ஆடாமல் அசையாமல் நெருப்பையே பார்த்து நிற்பதால் பட்டறையில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர். பதினோரு வருஷத்தில் அவள் உளி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த மார்ச் முதல் வாரத்தில் ஒன்பது வந்தன.

மேஸ்திரி லாரியிலிருந்து இறங்கி, உடைந்த துண்டுகளைப் பட்டறைக்காரர் காலடியில் கொட்டினார். "உளி கேட்டா பிஸ்கட் குடுத்திருக்கீங்க. டீயில முக்கித் திங்கவா?"

பட்டறைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் குவாரி கைவிட்டால் பட்டறை படுத்துவிடும். இன்னும் பன்னிரண்டு உளி செய்து தருவதாகவும், அதில் ஒன்று தெறித்தாலும் தங்கை பழையபடி துருத்திக்கே போவாள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் ஒரு துண்டை எடுத்து முறிந்த இடத்தைப் பார்த்தாள். சரியாகத் தோய்ந்த எஃகு, முறிந்தால் சலித்த மாவு போலத் தெரியும். இது சர்க்கரை போல மினுக்கியது. சூடு கூடிப்போயிருக்கிறது. தப்பு தன்னுடையதேதான். ஆனால் எப்படி? அதே கம்பி, அதே கரி, அதே தண்ணீர். எப்போதும் எடுக்கும் அதே சிவப்பு.

யோசித்தபடியே ஒரு கம்பியை உலையில் வைத்தாள். சிவப்பு ஏறியதும் குறட்டால் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் லாரி திரும்புவதற்காகப் பின்னால் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டறை இருண்டது. கையிலிருந்த சிவப்பு, ஆரஞ்சுப்பழ நிறத்தில் தகதகத்தது. லாரி நகர்ந்ததும் மறுபடி வெறும் சிவப்பு.

அந்த ஜன்னல் போன மாதம்தான் வந்தது. பூனைக்குக் கண் கெட்டுவிடும் என்று பட்டறைக்காரரே சுவரை இடித்து, ஆசையாக வைத்துக்கொடுத்தது.

"அண்ணே, ஜன்னல மூடணும்."

"உனக்காக வச்சதும்மா அது."

"தெரியும்ணே. வெளிச்சத்துல நெருப்பு பொய் சொல்லுது. ஆரஞ்சா பழுத்தாலும் சிவப்பாத்தான் தெரியுது."

அவர் தாமே ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து ஆணி அடித்தார்.

பன்னிரண்டு உளிகளும் குவாரியில் கருங்கல்லில் இரண்டு நாள் அடி வாங்கின. ஒன்றும் தெறிக்கவில்லை. மேஸ்திரி திரும்பி வந்து, இன்னும் நாற்பது வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். பிஸ்கட் பேச்சே எடுக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை குவாரி குமாஸ்தா ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார். தோய்த்தவர் யாரோ அவரே பொறுப்பேற்று ஒப்பம் வைக்க வேண்டும். தங்கை கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது, ரேகை விழவில்லை. நெருப்பும் குறடும் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று ஆகியிருந்தது. மூன்று தடவை வைத்தும் அதே திட்டுதான்.

"வேற யாராவது போடட்டுமே," என்றார் மேஸ்திரி.

"நான் தோய்ச்சதுக்கு நான்தான் போடணும். நாளைக்கு வாங்க."

அன்று மாலை வீட்டில் அக்காவிடம் தன் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், அடுப்புக்கரியால் ஜன்னல் சாக்கு முழுக்க அந்த நாலு எழுத்தையே எழுதினாள். மேஸ்திரி வரும்போது சாக்கில் எழுத இடமில்லை.

தாளில் அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 1986 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.