வெறும் ஆணி

தொண்ணூறுகளில் பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்த எங்கள் ஐந்து பேருக்கும் சமைத்தவர், வடக்கே ஒரு நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். நெடிய மனிதர், வெடிச் சத்தத்தில் இடது காது போயிருந்தது. கதவருகே ஐந்து ஆணிகள் அடித்து, எண் பொறித்த தகடுகளைக் கொழுவியிருந்தார். வெளியே போகிறவன் தன் தகட்டை எடுத்துப்போய், திரும்பியதும் கொழுவ வேண்டும். ஓர் ஆணி வெறுமையாக இருந்தாலும் சோற்றுப் பானையைத் திறக்கமாட்டார். சுரங்கத்திலும் எல்லாத் தகடும் திரும்பாமல் வெடி வைக்கமாட்டார்களாம்.

“அண்ணை, அந்த ஊர் இப்ப எப்பிடி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நிக்கல் விலை விழுந்தது, சுரங்கத்தைப் பூட்டிப்போட்டாங்கள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு கடை. வீட்டை விக்க ஏலாமல் சனம் அப்பிடியே விட்டிட்டுப் போச்சுது.” சட்டைப்பையிலிருந்து தேய்ந்த பித்தளைத் தகடொன்றை எடுத்தார். “கடைசி நாள் இதைக் கொழுவ மனம் வரேல்லை. சுரங்கத்தில தகடு கொழுவுற பலகையைப் பாத்தா நான் இன்னும் கீழதான் நிக்கிறன்.”

பிறகு நான் மார்க்கம் என்ற புறநகருக்கு வீடு மாறினேன். இரண்டு நாள் கழித்துத்தான் கோட்டுப்பையில் என் தகடு கிடப்பதைக் கண்டேன். பதறிப்போய் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“உந்தத் தகட்டை நீரே வைச்சிரும், தம்பி” என்றார். “ஆணியை நான் கழட்டேல்லை.”