மகள் கேலண்டர் கம்பெனிக்குப் போன வாரம்

என் மகளுக்கு முப்பத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆகிறது. பன்னிரண்டைத் தாண்டமாட்டாள் என்று அவள் பிறந்தபோது ஒரு டாக்டர் சொன்னார். டவுன் சின்ட்ரோம் என்ற பெயரும் அவர் வாயில்தான் முதலில் கேட்டது. இருக்கப்போவது கொஞ்ச நாள், பிள்ளையை எதற்குப் படுத்துவது என்று இரண்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டேன். முப்பத்தாறு வருடம் ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

போன ஆடியில் அவள் வேலைக்குப் போகிறேன் என்று நின்றாள். எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் வேனில் கேலண்டர் கம்பெனிக்குப் போகிறார்கள். பத்தாவதாக அவளும் ஏறவேண்டுமாம். பட்டாசு ஆலை மாதிரி வெடி மருந்து கிடையாது, அட்டை அடுக்கும் வேலைதான். ஆனாலும் அவளுக்கு இருபதுக்கு மேல் எண்ண வராதே.

"பாப்பா, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"நான் பாப்பா இல்ல."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இப்படிப் பிறந்தவர்களுக்குக் கோபமே வராது, எப்போதும் சிரித்த முகம் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை.

இந்த வேலையை அவள் இதயம் தாங்குமா என்று கேட்க மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசினார். வேலைக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். பன்னிரண்டு வயதுக் கெடுவைச் சொன்னேன்.

"அது பழைய கதை, சார். இப்ப அறுபதைத் தொடுறவங்களும் இருக்காங்க."

அக்கா மகளைக் கட்டியதால்தானே இப்படி என்று கேட்டேன். சொந்தத்தில் கட்டினால் வேறு சில நோய்கள் வரலாம், இது அதனால் வருவதில்லை, ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைந்துவிடுகிறது, யார்மேலும் தப்பில்லை என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி கேட்டாள்: "அப்ப இம்புட்டு வருசமா எங்க அம்மாவ எதுக்கு ஏசுனீக? பொண்ணைத் தலையில கட்டிட்டாகன்னு?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மகளுக்கு அறுபது ஆகும்போது எனக்குத் தொண்ணூற்றிரண்டு. எனக்குப் பிறகும் அவள் இருப்பாள் என்பதை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வேலைக்குச் சரி என்று சொன்னேன்.

ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம் என்று கம்பெனியின் சூப்பர்வைசர் அம்மாள் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் மனம் பொறுக்காமல் பதினொன்றே காலுக்கு அங்கே போய் நின்றேன். தேதித்தாள் கட்டு ஒட்டிய அட்டைகளை மகள் அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணவே இல்லை. அங்கே யாருமே எண்ணுவதில்லை. சுவரில் ஒரு கோடு. அடுக்கு அதைத் தொட்டால் இருபத்தைந்து. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஓர் அடுக்கைப் பிரித்து எண்ணினேன். இருபத்தைந்துதான். மறுபடி அடுக்கினேன். அது கோட்டைத் தாண்டி ஏறியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மொத்தமும் தரையில் சரிந்தது.

"ஐயா! என்ன செஞ்சீக!" என்று கத்தினாள் பக்கத்தில் இருந்தவள்.

மகள் ஓடிவந்தாள். "தள்ளுங்கப்பா."

உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஓர் அட்டை நேராக, அடுத்தது தலைகீழாக. தேதித்தாள் கட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் அடுக்கு நிற்காதாம். எனக்கு அது தோன்றவில்லை. அடுக்கு கோட்டைத் தொட்டு நின்றது.

"வாத்தியாருக்கு முட்டை மார்க்குப் போடுங்கக்கா," என்றது ஒரு குரல். ஒன்பது பேரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் அம்மாள் வந்து அடுக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வாரமெல்லாம் பாக்கவேண்டாம். உங்க மக வேலையில இருக்கட்டும். நீங்க மட்டும் இனிமே இங்கன வராதீக."

"வீட்டுக்குப் போங்கப்பா," என்றாள் மகளும், தலை நிமிராமல்.

வெளியே வந்தேன். வெம்பக்கோட்டை ரோட்டில் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறவேண்டும் என்று கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை.